கழுவ வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்

எண்ணெய் மாற்றுவதற்காகக் காரைக் கொண்டுபோய் விடுகிறோம். மாலையில் எண்ணெய் மாற்றப்பட்டு, வடிகட்டி மாற்றப்பட்டு, கூடவே நாம் கேட்காத ஒரு வேலையும் செய்யப்பட்டுத் திரும்பி வருகிறது. காரைக் கழுவித் துடைத்துப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். பற்றுச்சீட்டில் அதற்கு நேரே 'இலவசம்' என்று இருக்கிறது. நாமும் மகிழ்ந்து, கழுவிய பையனின் கையில் நூறோ இருநூறோ வைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். மறுநாள் காலை வெயிலில் பொனட்டைச் சற்றுச் சாய்ந்து பார்க்கும்போதுதான் அந்த இலவசத்தின் விலை கண்ணுக்குத் தெரிகிறது. சூரியன் பட்டுத் தெறிக்கும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல, எண்ணற்ற மெல்லிய கீறல்கள்.

கேட்காத ஒரு வேலையை, உரியவரின் சம்மதம் இன்றி, உரிய பயிற்சியும் உபகரணமும் இல்லாத ஒருவரைக் கொண்டு செய்வித்து, அதனால் விளையும் சேதத்துக்கு எந்தப் பொறுப்பும் ஏற்காமல் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் எமது நாட்டின் வாகன முகவர் நிறுவனங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. இதைச் சலுகை என்று அழைப்பதை நாம் முதலில் நிறுத்த வேண்டும். அடுத்தமுறை காரைக் கையளிக்கும்போது, கழுவ வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் எழுத்தில் கேட்டால் அன்றி வாகனத்தின் வெளிப்புறத்தில் துணி படக்கூடாது என்பதை நிறுவனங்கள் விதியாக ஏற்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

பணக்காரரின் கவலையா?

நாடு கிடக்கிற கிடையில் காரின் பெயின்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். அந்தச் சுளிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இலங்கையில் கார் என்பது என்ன என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு சுளிக்க மாட்டார்கள்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கழிந்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், ஓடித் தேய்ந்த சின்னஞ்சிறு ஜப்பானியக் கார்களே ஐம்பது இலட்சம் ரூபாவைத் தாண்டி விலைபோயின. இறக்குமதி திறந்த பின்னரும் வரிக்குமேல் வரி. ஓர் ஆசிரியர் தன் ஓய்வூதியப் பணிக்கொடையை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாலும் ஒரு கார் முழுதாக வருவதில்லை. மிகுதியை லீசிங் கொம்பனி தருகிறது; அதை ஐந்து வருடம், ஏழு வருடம் என்று கட்டித் தீர்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தில் வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிச் சீவிக்கும் குடும்பங்கள் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் நிறைய உண்டு. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் வாசகருக்கு ஒரு கார் சில ஆண்டுகளில் மதிப்பிழந்து போகும் பொருள். இங்கே அது காணிக்கு அடுத்த சொத்து. மகளின் திருமணத்துக்கோ, தகப்பனின் சத்திரசிகிச்சைக்கோ விற்கப்படுவது அதுதான்.

விற்கப் போகும்போது என்ன கேட்கிறார்கள்? பத்திரிகையின் சிறு விளம்பரப் பக்கங்களை முப்பது வருடங்களாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற இரண்டு சொற்களுக்கு அந்தப் பக்கத்தில் உள்ள மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. வாங்க வருபவர் பெயின்டின் தடிப்பை அளக்கும் சிறு கருவி வைத்திருப்பவரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். கதவுக்குக் கதவு வைத்து அளக்கிறார்கள். ஓரிடத்தில் எண் ஏறினால், "இது அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த வண்டி" என்கிறார்கள். ஓரிடத்தில் எண் இறங்கினால், "தேய்த்துத் தேய்த்து முடித்துவிட்டார்கள்" என்கிறார்கள். இரண்டுக்கும் விலை குறைகிறது.

இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். முகவர் நிறுவனத்திலேயே தவறாமல் சேர்விஸ் செய்த புத்தகம் இருந்தால் வண்டியின் விலை கூடும் என்று நம்பித்தான், வெளியே கராஜில் பாதி விலையில் முடியும் வேலைக்கு அங்கே முழு விலை கொடுக்கிறோம். புத்தகத்தில் முத்திரை ஏறுகிறது. அதே கையோடு, விலையைத் தாங்கி நிற்கும் பெயின்ட் ஒவ்வொரு வருகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாழாகிறது.

மயிரிழையிலும் மெல்லியது

நான் கலைப்பீடத்தில் படித்தவன். இரசாயனம் என் பாடமல்ல. ஆனால் இதைப் புரிந்துகொள்ள இரசாயனப் பட்டம் தேவையில்லை. இன்றைய கார் ஒன்றின் தகட்டின் மேல் நான்கு படைகள் உள்ளன. முதலாவது, துருப்பிடிக்காமல் காக்க மின்முறையில் பூசப்படுவது. இரண்டாவது, அடிப்பூச்சு. மூன்றாவது, நாம் பார்க்கும் நிறம். நான்காவது, அந்த நிறத்தின் மேல் நிறமற்ற கண்ணாடிபோல் நிற்கும் 'கிளியர் கோட்'. நான்கையும் சேர்த்தால் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரோன் வரை வரும். சில ஜப்பானியக் கார்களில் அதற்கும் குறைவு. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே உள்ள கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40, 50 மைக்ரோன். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்புச் சுமார் 70 மைக்ரோன் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரின் பளபளப்பு முழுவதும் ஒரு மயிரிழையிலும் மெல்லிய படையில் தங்கியிருக்கிறது.

வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்கி நிறத்தைக் காப்பாற்றுவதும் அந்தப் படைதான். அது தேய்ந்து போன கார்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கூரையிலும் பொனட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து, தேமல் படர்ந்ததுபோல் நிற்கும் கார்கள். அந்த நிலைக்கு வந்த பின் எந்தப் பொலிஷும் உதவாது. தகட்டைச் சுரண்டி மீண்டும் பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. அத்துடன் 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற சொல்லும் போய்விடும்.

எங்கள் தகப்பன்மார் காலத்து மொரிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் இந்தக் கவலை இருக்கவில்லை. அவற்றில் தனியான கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. மங்கினால் பசை போட்டுத் தேய்ப்பார்கள். மேற்படை நிறத்தோடு துணியில் கழன்று வரும். கீழிருந்து புதிய பளபளப்பு எழும். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின் கார்கள் அப்படித்தான் பல தலைமுறைகளைக் கண்டன. கிளியர் கோட் பரவலாகியது 1980களில். பெயின்டின் இயல்பு மாறி நாற்பது வருடங்கள் ஆகியும், எமது சேர்விஸ் நிலையங்களின் கழுவும் முறை மட்டும் மொரிஸ் மைனர் காலத்திலேயே நிற்கிறது.

கழுவும் கொட்டிலில் நடப்பது

ஒரு முற்பகல் முழுவதும் கழுவும் கொட்டிலுக்கு எதிரே நின்று பாருங்கள். காத்திருக்கும் அறையின் குளிரூட்டியையும் இலவசக் கோப்பியையும் விட்டு எழுந்து வந்து பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன்.

வண்டி உள்ளே வருகிறது. வேகத் தண்ணீர் சில விநாடிகள் அடிக்கப்படுகிறது. மேலே படிந்த மண் ஊறிக் கழன்று விழுவதற்கு முன்பே ஸ்பொஞ்ச் இறங்கிவிடுகிறது. அந்த ஸ்பொஞ்ச் சற்று முன்னர் இன்னொரு வண்டியின் சில்லைத் துடைத்தது. சில்லில் இருப்பது வெறும் அழுக்கு அல்ல. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள். ஸ்பொஞ்ச் நனையும் வாளியின் அடியில் காலையிலிருந்து வந்த வண்டிகளின் மணல் ஒரு விரற்கடை உயரத்துக்குப் படிந்திருக்கிறது. மணலில் உள்ள படிகக்கல் கண்ணாடியையே கீறும் கடினம் கொண்டது. கிளியர் கோட் அதற்கு எம்மாத்திரம்? அதன் பின் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள். காலையில் நீங்கள் கண்ட சிலந்தி வலை பின்னப்படுவது இந்த இடத்தில்தான்.

வாளிக்குள் இருக்கும் நுரையும் காருக்கான ஷம்பூ என்று நம்பிவிடாதீர்கள். எஞ்சினின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் காரத் திரவத்தையே நீர்த்து உடம்புக்கும் அடிக்கும் இடங்கள் உண்டு. தார்ப் புள்ளிகளைப் போக்க மண்ணெண்ணெய்த் துணி. கடைசியில் எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு துவாய். நிலத்தில் விழுந்தால் உதறிவிட்டு அதனாலேயே துடைப்பார்கள். வெயிலில் நின்று கொதிக்கும் தகட்டில் தண்ணீர் துடைக்கப்படும் முன்பே காய்ந்து, அதில் கரைந்திருந்த உப்புகள் வட்டமாக ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் என்ன செய்கிறது என்று தெரியும்தானே. காரின் மேலும் அதையே செய்கிறது.

கழுவும் கொட்டிலுக்கு வருமுன் பணிமனைக்குள் நடப்பதும் உண்டு. பொனட்டைத் திறந்து குனிந்து வேலை செய்பவரின் இடுப்புப் பட்டியின் கொக்கி மட்கார்டின் விளிம்பில் உரசுகிறது. அதைத் தடுக்கத்தான் மட்கார்டின் மேல் விரிக்கும் உறை இருக்கிறது. பல இடங்களில் அது சுவரில் தொங்குகிறது. நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து யாரும் பார்க்க வரும் நாளில் மட்டும் இறங்குகிறது. கூரைமேல் ஒரு ஸ்பனர், பொனட்டின் மேல் ஜொப் கார்ட் செருகிய பலகை, அதன் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை. இவை எல்லாவற்றையும் விடக் கொடியது பிரேக் எண்ணெய். சாதாரணமாகப் பயன்படும் பிரேக் எண்ணெய் பெயின்டை இளக்கிக் கரைக்கும் தன்மையது. ஒரு துளி சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சிந்தியது தெரியாமல் விட்டால், அல்லது தெரிந்தும் துணியால் இழுத்துத் துடைத்தால், சில நாட்களில் அந்த இடம் கொப்பளித்து எழும். அதற்குள் வண்டி வீட்டில் இருக்கும்; நிறுவனம் கைவிரித்துவிடும்.

மூன்று சமாதானங்கள்

கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு முகவர் நிறுவனத்தில் என் காரின் வலது கதவில் விழுந்திருந்த நீண்ட கீறலைக் காட்டினேன். வாடிக்கையாளர் ஆலோசகர் என்று பெயர்ப்பட்டி அணிந்த இளைஞர் புன்னகை மாறாமல் மூன்று பதில்களை அடுத்தடுத்துச் சொன்னார். பின்னர் நண்பர்களிடம் விசாரித்தேன். வெவ்வேறு நிறுவனங்களில், ஏறக்குறைய அதே ஒழுங்கில், அவர்களுக்கும் அதே மூன்றுதான் கிடைத்திருந்தன.

முதலாவது: "சேர், இது ஏற்கெனவே இருந்தது." சரி. அப்படியானால் காலையில் வண்டியைப் பொறுப்பேற்றபோது ஜொப் கார்டில் அது ஏன் குறிக்கப்படவில்லை? அந்தப் படிவத்தில் காரின் படம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. கீறலும் நசுக்கமும் எங்கெங்கே என்று வண்டி வரும்போதே வட்டமிட்டுக் குறிப்பதற்காகத்தான் அந்தப் படம். பெரும்பாலும் அது வெறுமையாகவே இருக்கிறது. வெறுமையான படத்தின் கீழ் நிறுவனமும் கையொப்பமிட்டிருக்கிறது. வண்டி குறையின்றி வந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று எதற்கு?

இரண்டாவது: "கழுவுறது ஃப்ரீ தானே சேர்." இலவசமாகச் செய்தால் சேதப்படுத்தலாமா? கலியாண வீட்டில் இலவசமாகப் பந்தி பரிமாறுபவர் விருந்தாளியின் பட்டு வேட்டியில் சாம்பாரை ஊற்றிவிட்டு, "சாப்பாடு இலவசம்தானே" என்று சொல்லலாமா? தவிர, அது இலவசமும் அல்ல. தண்ணீர், மின்சாரம், கூலி எல்லாம் சேர்விஸ் கட்டணத்துக்குள் அடங்கியே வருகின்றன. கழுவ வேண்டாம் என்று சொன்னவருக்குக் கட்டணத்தில் ஒரு ரூபாவும் குறைத்ததாக நான் அறியேன்.

மூன்றாவது, சுவரில் தொங்கும் பலகை. வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகின்றன, சேதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற அறிவிப்பு. ஜொப் கார்டின் அடியிலும் பொடி எழுத்தில், அநேகமாக ஆங்கிலத்தில் மட்டும், அதுவே இருக்கும். நாம் கையொப்பமிடும் வசனம் எமக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கும் நாம் பழகவில்லை.

இந்தப் பலகையைக் கண்டு பயப்பட வேண்டாம். இலங்கையில் நீதியற்ற ஒப்பந்த வாசகங்கள் பற்றி 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. கவனயீனத்தால் ஒருவருடைய பொருளுக்கு ஏற்படும் சேதத்தின் பொறுப்பை, நியாயம் என்று காணக்கூடிய அளவுக்கு அப்பால், ஓர் அறிவிப்பினாலோ ஒப்பந்த வாசகத்தினாலோ உதறிவிட முடியாது என்பது அதன் சாரம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், வணிகர் ஒருவர் வழங்கும் சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. பலகை எழுதியவர்களுக்கு இந்தச் சட்டங்கள் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. எங்களுக்குத் தெரியாது என்பதில்தான் அவர்களுக்கு நம்பிக்கை.

பையனின் தலையில்

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் அந்தக் கழுவும் பையன்மீது கோபப்பட்டால் இந்தக் கட்டுரை தோற்றுவிட்டது என்று பொருள்.

கொழும்பில் நான் கண்ட கழுவும் கொட்டில்கள் பலவற்றில் வேலை செய்பவர்கள் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ் இளைஞர்கள். காலையிலிருந்து மாலைவரை ஈரத்தில் நிற்கிறார்கள். காலில் இரப்பர்ச் சப்பாத்து இல்லை. காரத் திரவத்தில் விரல்கள் வெளுத்து வெடித்திருக்கின்றன. கழுவும் முறையை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என்னுடைய கேள்வி ஒன்றுக்கு ஒருவன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஒரு வண்டிக்குப் பத்து நிமிசந்தாங்க ஐயா குடுக்கிறாங்க. தண்ணி மாத்தப் போனா நேரமாச்சுன்னு சத்தம் போடுவாங்க."

என் கதவின் கீறலுக்காக நான் குரலை உயர்த்தியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆலோசகரின் புன்னகை கடைசியில் மாறியது. "சேர் வற்புறுத்தினால் கழுவின பையனிடமிருந்து பிடித்துத் தருகிறோம்" என்றார். ஒரு கதவுக்கு பெயின்ட் அடிக்கும் செலவு அந்தப் பையனின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதைக் கேட்ட எந்த மனிதனும் வாயை மூடிக்கொள்வான். அப்படி மூடிக்கொள்வான் என்று தெரிந்துதான் அதைச் சொல்கிறார்கள். இலட்சக்கணக்கில் உதிரிப்பாகம் விற்கும் நிறுவனம், தன் பொறுப்பை மறைத்துக்கொள்ள, நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி பெறும் ஒருவனைக் கேடயமாக நிறுத்துகிறது. எமது இரக்கத்தையே எமக்கு எதிரான ஆயுதமாக்கும் இந்தத் தந்திரத்தைவிட அருவருப்பானது வேறில்லை. நான் அன்று அந்த இளைஞரிடம் சொன்னதை இன்றும் சொல்கிறேன்: நான் காரைக் கையளித்தது பையனிடம் அல்ல. ஜொப் கார்டில் இருப்பது நிறுவனத்தின் பெயர். பத்து நிமிடக் கணக்கை வகுத்தது நிறுவனம். வாளியை மாற்றவிடாதது நிறுவனம். முறைப்பாடும் நிறுவனத்தின் மீதுதான்.

கடல்கடந்து வாழும் வாசகர்கள் இது இலங்கையின் பிணி என்று எண்ணிவிட வேண்டாம். பிரித்தானியாவில் கைகளால் கார் கழுவும் இடங்களில் தொழிலாளர் சுரண்டப்படுவதையும், அழுக்கு நீர் சுற்றாடலில் கலப்பதையும் பற்றி அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சுற்றாடல் கணக்காய்வுக் குழு 2018 இல் தனி அறிக்கையே வெளியிட்டது. மலிவாகவும் விரைவாகவும் கழுவப்படும் காருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மலிந்த கூலியாள் நிற்கிறான். அங்குள்ளவர்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், சேவை நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. காரை நேசிக்கும் பலர் அந்த நாடுகளில் சேர்விஸுக்குக் கொடுக்கும்போது, 'கழுவ வேண்டாம்' என்று எழுதிய அட்டையை உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடியில் தொங்கவிடுகிறார்கள். எங்களுக்கும் அது ஆகாத காரியமல்ல. மூன்று மொழிகளிலும் எழுதித் தொங்கவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

கோபம் மட்டும் போதாது, முறை வேண்டும். காரைக் கொடுப்பதற்கு முதல் நாள் நீங்களே கழுவி வையுங்கள். மண் படிந்த காரில் எந்தக் கீறல் புதியது, எது பழையது என்று எவராலும் சொல்ல முடியாது. கையளிக்கும் இடத்தில் காரைச் சுற்றி நடந்து நான்கு பக்கமும், கூரையும், பொனட்டும், பம்பர்களும் தெரியக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஊழியரின் முன்னிலையிலேயே எடுங்கள். அவர் பார்க்கிறார் என்பதே பாதி மருந்து. இருக்கும் கீறல்களை ஜொப் கார்டின் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் 'கீறல் இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள்.

அதே ஜொப் கார்டில், 'வெளிப்புறம் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், பொலிஷ் போட வேண்டாம்' என்று உங்கள் கையால் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது வாசலோடு போய்விடும். காலையில் ஒருவரிடம் சொன்னது மாலையில் கழுவுபவனின் காதுக்கு எட்டுவதில்லை. மட்கார்ட் உறை போடும்படியும், பிரேக் எண்ணெய் மாற்றுவதானால் சிந்தும் இடத்தை மூடும்படியும் கேளுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. வாகனத் தயாரிப்பாளர்களின் திருத்தக் கையேடுகள் சொல்வதும் இதையேதான்.

திரும்ப எடுக்கும்போது இருட்டிய பின் போகாதீர்கள். பகல் வெளிச்சத்தில், வண்டி அந்த வளவை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். சேதம் கண்டால் அங்கேயே எழுதிக் கொடுத்து, கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

"பொலிஷ் போட்டு எடுத்துவிடுகிறோம் சேர்" என்று சொல்வார்கள். அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். பொலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குவதால்தான் கீறல் மறைகிறது. ஏற்கெனவே மயிரிழையிலும் மெல்லிய படையில் ஒவ்வொரு முறையும் சில மைக்ரோன்கள் கரைகின்றன. பயிற்சியற்ற கையில் வேகமாகச் சுழலும் இயந்திரத்தைக் கொடுத்தால் விளிம்புகளில் நிறமே தெரியும்வரை போய்விடும். திருத்தம் அவசியமானால் யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். செலவை நிறுவனம் ஏற்கட்டும்.

நிறுவனம் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் காலம் தாழ்த்தாமல் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். படங்களையும் ஜொப் கார்டின் பிரதியையும் இணையுங்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்: இந்தச் சேதத்துக்கான செலவை எந்தத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் பிடிக்கக்கூடாது என்பது எனது நிலைப்பாடு.

கேட்க வேண்டியவை

தனியாள் தன் காரைக் காத்துக்கொள்வதோடு இது முடிந்துவிடாது. நிறுவனங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் எதுவும் அல்ல. உரிமையாளர் விரும்புவதாக எழுத்தில் குறித்தால் மட்டும் கழுவுங்கள். கழுவுவதானால் சில்லுக்கு வேறு துணி, உடம்புக்கு வேறு துணி. சவர்க்காரத்துக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி. வண்டிக்கு வண்டி புதுத் தண்ணீர். கழுவுபவருக்கு இரண்டு நாள் பயிற்சியும் கையுறையும் சப்பாத்தும், அவசரமின்றி வேலை செய்ய நேரமும் கொடுங்கள். ஜொப் கார்டைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிடுங்கள். சேதத்துக்கு நிறுவனமே காப்புறுதி செய்துகொள்ளட்டும். காட்சியறைக்குக் கண்ணாடிச் சுவரும் பளிங்குத் தரையும் போடப் பணம் இருப்பவர்களுக்கு இரண்டாவது வாளி வாங்கப் பணம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அதிகார சபையும் அரிசி விலையையும் தண்ணீர்ப் போத்தல் விலையையும் சோதிப்பதோடு நின்றுவிடாமல், ஒருநாள் அந்தச் சுவர்ப் பலகைகளைப் பார்வையிடட்டும். பொறுப்பில்லை என்று எழுதித் தொங்கவிட்டவர்களை, எந்தச் சட்டத்தின் கீழ் அப்படி எழுதினீர்கள் என்று கேட்கட்டும்.

அதுவரை வாசகர்களே, எழுதிக் கொடுங்கள். வெட்கப்படாமல், சிரித்தபடியே, மூன்று மொழிகளிலும் எழுதிக் கொடுங்கள். கழுவும் பையனுக்கு வழக்கம்போல நூறோ இருநூறோ கொடுத்துவிடுங்கள். அவன் உங்கள் காரைக் கழுவாமல் இருந்ததற்காக.